ஆட்டோவை இழுத்துச் சென்றுவிட்டால்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பஸ் ஏறாத தோட்டப் பாதைகள் ஊவாவில் இன்னும் நிறைய உண்டு. மடூல்சீமை, நமுனுகுல, பூனாகலை, தம்பேத்தன்ன, கொஸ்லந்தை என்று எந்தப் பக்கம் போனாலும் மேற்பிரிவு லயத்துக்கு ஏறுவது ஆட்டோதான். பிரசவ வலி எடுத்த பெண்ணை பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்குவதும், வெலிமடை மரக்கறியைச் சந்தைக்குச் சேர்ப்பதும் அதுவே. பல குடும்பங்களில் அந்த ஆட்டோவுக்குள் அம்மா ஓய்வுபெற்றபோது வந்த ஈ.பி.எப். காசும், அக்காவின் நகையும், மாமா போட்ட பிணைக் கையெழுத்தும் சேர்ந்திருக்கின்றன.

அப்படிப்பட்ட வண்டி ஒருநாள் விடியும்போது இருந்த இடத்தில் இல்லை. அல்லது பண்டாரவளை டவுனில் நாலு பேர் மறித்துச் சாவியை வாங்கிக்கொள்கிறார்கள். அல்லது விபத்துக்குப் பிறகு பிரேக்டவுன் லொறியில் ஏற்றி பொலிஸ் முற்றத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். தவணைப் பாக்கி மட்டும் என்றால் காசைப் புரட்டிக் கட்டி மீட்டுவிடலாம். மீட்க முடியாமல் போகிற வண்டிகளுக்குப் பின்னால் பெரும்பாலும் காகிதச் சிக்கல் இருக்கிறது. புத்தகத்தில் ஒருவர் பெயர், லீசிங் இன்னொருவர் பெயரில், ஓட்டுகிறவர் மூன்றாமவர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரி வரை அந்தத் தடை பெரும்பாலும் நீடித்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய வண்டிகள் விலை ஏறி, கைமாறி, மறுபடி கைமாறின. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பெயர் மாற்றும் செலவை மிச்சம் பிடித்து ‘ஓப்பன் பேப்பர்’ என்று வாங்கியவர்கள்தான் இன்று அதிகம் தவிக்கிறார்கள்.

வண்டி போன முதல் சில நாட்களில் என்ன செய்கிறீர்கள், என்ன செய்யாமல் இருக்கிறீர்கள் என்பதுதான் அதன் கதியைத் தீர்மானிக்கும். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

யார் எடுத்தார்கள் என்று முதலில் அறியுங்கள்

கேட்கவே தேவையில்லாத கேள்வி என்று தோன்றும். ஆனால் களவு போய்விட்டது என்று அழுதுகொண்டு பொலிசுக்கு ஓடுகிறவர்களும், லீசிங்காரன் எடுத்திருப்பான் என்று சும்மா இருந்து உண்மையான களவைத் தவறவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். வண்டியை எடுக்கக்கூடியவர்கள் நான்கு வகை: ஃபினான்ஸ் கம்பனி அனுப்பிய சீசிங் ஆட்கள், பொலிஸ், கூலி பாக்கிக்காக வண்டியைப் பிடித்துவைத்த கராஜ், புத்தகத்தில் இன்னும் பெயர் உள்ள பழைய உரிமையாளர். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. ஒன்றுக்குரிய வழியில் மற்றதைத் தேடினால் நாட்கள்தான் போகும்.

கம்பனியின் கிளைக்கு ஒரு ஃபோன், அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கு ஒரு நடை. இரண்டையும் அன்றைக்கே முடியுங்கள். இரண்டு இடத்திலும் இல்லையென்றால் களவு முறைப்பாட்டை உடனே பதியுங்கள்.

வாசிக்க முடியாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

சீசிங் பெரும்பாலும் நடப்பது இப்படித்தான். மாலை மங்கும் நேரம். ஹயர் முடித்து வருகிற ஆட்டோவை ஒரு வேன் முந்திப்போய் நிற்கிறது. இறங்கிய ஆள் சத்தம் போடவே மாட்டார். “அண்ணே, மூன்று வாடகை பாக்கி. மேலிடத்து ஓர்டர். வண்டிய ஒபிசில விட்டுட்டு நாளைக்குக் காசு கட்டி எடுத்துக்கலாம். இதுல ஒரு சைன் மட்டும் போடுங்க” என்பார். ஆட்டோவின் சீட்டிலேயே காகிதத்தை விரித்து, ஃபோன் வெளிச்சத்தில் பேனையையும் நீட்டுவார். காகிதம் சிங்களத்தில் அல்லது ஆங்கிலத்தில் இருக்கும். அதில் எழுதியிருப்பது பெரும்பாலும் இதுதான்: தவணை கட்ட முடியாததால் வாகனத்தை என் சொந்த விருப்பத்தோடு ஒப்படைக்கிறேன், அதை விற்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அந்தக் கையெழுத்து விழுந்தபின் ‘பலவந்தமாகப் பறித்தார்கள்’ என்று பொலிசில் சொல்வதும் மத்திய வங்கிக்கு எழுதுவதும் பாதி பலம் இழந்துவிடும். “எனக்கு இந்த மொழி வாசிக்கத் தெரியாது, தமிழில் தாருங்கள், வீட்டில் காட்டிவிட்டுப் போடுகிறேன்” என்று நிதானமாகச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வற்புறுத்தினால் கையெழுத்துக்கு மேலே தமிழிலேயே ‘என் விருப்பமின்றி எடுக்கப்பட்டது’ என்று எழுதி, திகதியும் நேரமும் போடுங்கள். காகிதத்தை ஃபோனில் படம் பிடிக்காமல் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

கைகலப்பில் இறங்காதீர்கள், வண்டிக்கு முன்னால் படுக்காதீர்கள்

கோபம் நியாயமானது. ஆனால் ஒரு அடி விழுந்தால் அடுத்த நாள் நீதிமன்றத்தில் நிற்பது நீங்கள். வண்டியும் இல்லை, வழக்கும் சேரும். அவர்களுக்கும் எல்லை உண்டு. வீட்டுக்குள் புகுவது, சாவியைப் பிடுங்குவது, மிரட்டுவது, தள்ளுவது, நோயாளியோ பிள்ளைகளோ இருக்கும்போது நடுவழியில் இறக்கிவிடுவது எதையும் எந்த லீசிங் ஒப்பந்தமும் அனுமதிக்காது. நீங்கள் கொடுக்க மறுத்தால் நீதிமன்றத்துக்குப் போகும் வழி கம்பனிக்கு உண்டு. அதை விட்டு அடியாள் வேலை பார்த்தால் அது குற்றம்.

“பொலிசுக்குச் சொல்லிவிட்டுத்தான் வந்தோம்” என்பார்கள். உண்மையாகவும் இருக்கலாம். பொலிஸ் நிலையத்தில் தகவல் கொடுத்தது நீதிமன்ற ஆணை ஆகிவிடாது. ஆணை இருக்கிறதா என்று கேளுங்கள். வந்தவர்களின் பெயர், கம்பனி அடையாள அட்டை, வேன் இலக்கம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நிற்பவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள்.

முறைப்பாட்டைத் தமிழிலேயே கொடுங்கள்

பலவந்தம் நடந்திருந்தால் அன்றைக்கே பொலிசில் முறைப்பாடு. அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் தருகிறது. பதுளை மாவட்டத்தில் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. தமிழ் எழுதத் தெரிந்த உத்தியோகத்தர் இல்லை என்றால், நீங்களே தமிழில் எழுதிய கடிதத்தை ஒப்படைத்து முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள். நீங்கள் தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, வாசித்துக் காட்டாமல் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். முறைப்பாட்டை ஏற்கவே மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் பதுளையிலேயே இருக்கிறது.

வண்டிக்குள் இருந்தவற்றின் பட்டியலை எழுதுங்கள்

சாரதி அனுமதிப்பத்திரம், மீட்டர், ஸ்பெயார் டயர், ஜெக், செட், பிள்ளைகளின் புத்தகப்பை எதுவானாலும் எழுதுங்கள். மைல் மீட்டர் எண், டயரின் நிலை, கீறல்கள் ஆகியவற்றின் பழைய ஃபோட்டோ ஃபோனில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். யார்டில் நிற்கும் வண்டியை ஒருதடவையாவது போய்ப் பார்த்துப் படம் எடுங்கள். புது டயரோடு போய் மொட்டை டயரோடு திரும்பிய வண்டிகள் உண்டு.

கணக்கை எழுத்தில் கேளுங்கள்

ஃபோனில் சொல்லும் தொகைக்கு மதிப்பில்லை. பிரித்துக் காட்டிய கணக்கு வேண்டும்: நிலுவைத் தவணை எவ்வளவு, தாமத வட்டி எவ்வளவு, சீசிங் கூலி எவ்வளவு, யார்டு வாடகை நாளுக்கு எவ்வளவு, முழுக் கடனையும் இன்றே முடிப்பதென்றால் எவ்வளவு. கடிதமாக எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில்தான் 1,350 ரூபாயானது. யார்டில் வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் அப்படியொரு நாட்சம்பளத்தில் இருந்தே கழிகிறது. கணக்கு கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

2020 மார்ச்சில் கொவிட் வந்தபோது முச்சக்கரவண்டி, பள்ளி வேன் முதலியவற்றின் லீசிங்குக்கு மத்திய வங்கி 6 மாதச் சலுகைக் காலம் அறிவித்தது. அந்த மாதங்கள் உங்கள் கணக்கில் எப்படிச் சேர்க்கப்பட்டன, பிறகு எந்த வட்டியில் அறவிடப்பட்டன என்பதையும் பழைய கடன்காரர்கள் கேட்க வேண்டும். சலுகை என்றால் தள்ளுபடி என்று நம்பி இருந்தவர்களின் பாக்கி, அவர்கள் அறியாமலே வளர்ந்தது.

சீசிங் ஆளின் கையில் காசு கொடுக்காதீர்கள்

“இருபதாயிரம் குடுங்க, வண்டிய விட்டுடுறேன்” என்று வழியில் கேட்கப்படும் காசு உங்கள் கணக்கில் ஏறாது. கட்டுவதென்றால் கிளையின் கவுண்டரில், அல்லது கம்பனியின் வங்கிக் கணக்கில். ரசீதில் உங்கள் லீசிங் இலக்கம் இருக்க வேண்டும்.

தபால் வரும் வழியைச் சரிசெய்யுங்கள்

ஊவாத் தோட்டங்களுக்கே உரிய சிக்கல் இது. கம்பனி ஒப்பந்தத்தை ரத்துச் செய்யும் அறிவித்தலைப் பதிவுத் தபாலில், நீங்கள் கொடுத்த விலாசத்துக்கு அனுப்பும். அனுப்பியதையே சட்டம் பெரும்பாலும் அறிவித்ததாக எடுத்துக்கொள்ளும். ஆனால் லயத்துக்குத் தனி விலாசம் இல்லை. தோட்டத்தின் பெயருக்கு வந்த கடிதம் தோட்ட ஒபிசில் கிடந்து, பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டுக் கொடுக்கப்பட்டு, ஒரே பெயரில் இருக்கும் இன்னொருவர் கையில் போய், வீட்டுக்கு வரும்போது கெடு முடிந்திருக்கும். வந்தாலும் ஆங்கிலத்தில் இருப்பதால் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிடுகிறார்கள்.

டவுனில் கடை வைத்திருக்கும் உறவினர், ஆசிரியர் என்று நம்பிக்கையான ஒருவரின் விலாசத்தைக் கம்பனிக்கு எழுத்தில் கொடுங்கள். ஃபோன் இலக்கம் மாறினாலும் எழுத்தில் அறிவியுங்கள். நீண்ட உறையில் வரும் எந்தக் கடிதத்தையும் அன்றைக்கே வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

ஓப்பன் பேப்பர் வண்டியென்றால், புத்தகத்துக்காரரைத் தேடுங்கள்

சீ.ஆர். என்று எல்லோரும் சொல்லும் பதிவுச் சான்றிதழில் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்றில் பதிவு செய்த உரிமையாளர், மற்றதில் முழு உரிமையாளர். லீசிங்கில் எடுத்த வண்டியில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் கம்பனியின் பெயர் இருக்கும். அந்தப் பெயர் அங்கே இருக்கும்வரை வண்டியை விற்கவோ பெயர் மாற்றவோ கம்பனியின் சம்மதம் வேண்டும். நீங்கள் முழுக் காசும் கொடுத்து வாங்கியிருக்கலாம். ஆனால் உங்களுக்கு விற்றவர் அந்த வண்டியின் லீசிங்கைக் கட்டாமல் விட்டிருந்தால், கம்பனி வண்டியைத் தேடி உங்கள் முற்றத்துக்குத்தான் வரும். “நான் காசு கொடுத்து வாங்கினேன்” என்ற பேச்சு அங்கே எடுபடாது. உங்கள் வழக்கு விற்றவரோடு.

இந்த நிலையில் இருப்பவர்கள் வண்டியைத் தேடும் அதே நாளில் மூன்று காரியம் செய்யுங்கள். முதலாவது, வாங்கியபோது எழுதிய உடன்படிக்கை, காசு கைமாறியதற்கான வங்கிச் சீட்டு, உரிமை மாற்றத்துக்கான எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 படிவங்கள் எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்துப் பிரதி செய்யுங்கள். இரண்டாவது, புத்தகத்தில் பெயருள்ளவரைக் கண்டுபிடியுங்கள். அவர் வெளிநாடு போயிருக்கலாம், கொழும்பில் கடையில் நிற்கலாம், இறந்தும் போயிருக்கலாம். அவருடைய கிராம உத்தியோகத்தர் மூலம் விசாரிப்பதுதான் குறுக்கு வழி. உயிரோடு இருந்தால் அவரையே கூட்டிக்கொண்டு கம்பனிக்கோ பொலிசுக்கோ போங்கள், வரமுடியாதவரென்றால் சத்தியக் கடதாசி வாங்குங்கள். இறந்திருந்தால் அவரது வாரிசுகளோடு பேசி, ஒரு சட்டத்தரணியின் உதவியோடு நகர வேண்டும். அங்கே குறுக்கு வழி கிடையாது. மூன்றாவது, விற்றவர் கையெழுத்துப் போட மறுத்தாலோ கூடுதல் காசு கேட்டாலோ மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோங்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்த சபை அது. சட்டத்தரணி தேவையில்லை.

2022 ஜூலையில் எரிபொருளுக்கு கியூ.ஆர். வந்தபோது ஓப்பன் பேப்பர்காரர்களில் பலர் முதல் அடியை வாங்கினார்கள். பெற்றோல் வரிசையில் நிற்கும்போதுதான் வண்டி இன்னொருவர் பெயரில் இருப்பதன் சிக்கல் உறைத்தது. அப்போதே பெயரை மாற்றியிருக்க வேண்டும். கியூ.ஆர். நின்றதும் எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

பெயர் எழுத்துச் சிக்கலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறப்புச் சான்றிதழில் ஒருவிதம், அடையாள அட்டையில் ஒருவிதம், சீ.ஆரில் ஒருவிதம் என்று பெயர் இருப்பது நம் மக்களுக்குப் பழகிப்போன துன்பம். முதலெழுத்து மாறியதற்காகவே வண்டியை விடுவிக்க மறுப்பார்கள். மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்ற சத்தியக் கடதாசியைச் சமாதான நீதவான் முன் எழுதி, கையில் தயாராக வையுங்கள்.

பொலிஸ் எடுத்த வண்டியை வெறுங்கையோடு கேட்கப் போகாதீர்கள்

விபத்து என்றால் மோட்டார் வாகனப் பரிசோதகர் பார்த்து அறிக்கை தரும்வரை வண்டி நிற்கும். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் அது சான்றுப்பொருள். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 431ஆம் பிரிவு, பொலிசார் கைப்பற்றிய பொருளை அதை வைத்திருக்க உரிமையுள்ளவரிடம் ஒப்படைக்க நீதவானுக்கு அதிகாரம் தருகிறது. பிணைமுறியில் வண்டியை விடுவித்துக்கொள்ளலாம். சீ.ஆர்., அடையாள அட்டை, காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் நான்கும் வேண்டும். கம்பனி முழு உரிமையாளராக இருந்தால் அதன் நிலைப்பாட்டையும் நீதிமன்றம் கேட்கலாம். தவணைப் பாக்கி இருந்தால் அந்த இடத்திலேயே கம்பனி வண்டியைத் தனக்குக் கேட்கவும் கூடும். ஆகவே நீதிமன்றத் தவணைக்கு முன்பே கம்பனியோடு பேசி, சம்மதக் கடிதம் ஒன்றை வாங்கிவிடுவது புத்தி.

சட்டத்தரணிக்குக் காசில்லை என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். 1978இல் சட்டம் இயற்றி அமைத்த சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் பதுளையிலும் உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்காகவே அது இருக்கிறது.

மொனராகலை, பிபிலை, மஹியங்கனைப் பக்கம் லொறி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அனுமதியில்லாத மரம் ஏற்றி மாட்டினால் வனக் கட்டளைச் சட்டத்தின் 40ஆம் பிரிவின் கீழ் வாகனமே பறிமுதலாகலாம். குற்றம் நடக்காமல் தடுக்க எல்லா முன்னேற்பாடும் செய்தேன் என்று உரிமையாளர்தான் நிரூபிக்க வேண்டும். லொறி அரசுடைமையானாலும் லீசிங் தவணை நிற்காது. வண்டியை வாடகைக்குக் கொடுக்கும்போது சாரதிக்கு என்ன ஏற்றலாம், என்ன கூடாது என்று எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

கராஜோடு தகராறு வேண்டாம்

திருத்திய கூலிக்காக வண்டியைப் பிடித்துவைக்கும் உரிமை கராஜ்காரருக்கு ஓரளவு உண்டு. வேலைக்கு முன்பே விலையை எழுதி வாங்குங்கள். அவ்வளவுதான்.

லீசிங் வண்டியை அடகு வைக்காதீர்கள்

கல்யாணத்துக்கோ மருந்துக்கோ அவசரக் காசு தேவைப்பட்டு, லீசிங் முடியாத ஆட்டோவை யாரோ ஒருவரிடம் விட்டுக் கடன் வாங்குவது பெருகியிருக்கிறது. அந்த வண்டி கைமாறிக் கைமாறி எங்கோ போய்விடும். கம்பனி உங்களைத்தான் தேடும். நம்பிக்கை மோசடி என்று பொலிசுக்குப் போகவும் அவர்களால் முடியும். அதைவிட, கட்ட முடியாத நிலை வருகிறது என்று தெரிந்ததுமே கம்பனிக்குப் போய்த் தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். இரண்டு தவணை பாக்கியாகும் முன் கேட்பவருக்குக் கிடைக்கும் மரியாதை, சீஸ் ஆன பிறகு கேட்பவருக்குக் கிடைப்பதில்லை.

வண்டி போனால் கடனும் போனது என்று நினைக்காதீர்கள்

ஏலத்தில் விற்ற காசு கடனுக்குப் போதாவிட்டால் மீதியை உங்களிடமும், பிணை நின்றவர்களிடமும் கேட்பார்கள். சில மாதங்களுக்குப் பிறகு மாமாவுக்கு வரும் சட்டக் கடிதம்தான் குடும்பத்தை உடைக்கிறது. ஏலத்தின் திகதி, எந்த மதிப்பீட்டில் விற்கப் போகிறார்கள், கடைசியில் எவ்வளவுக்குப் போனது என்பதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள். குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டிருந்தால் ஆட்சேபியுங்கள். நல்ல விலைக்கு வாங்க ஒருவர் இருக்கிறார் என்றால் அவரைக் கம்பனிக்குக் கூட்டிக்கொண்டு போய், கடனை முடித்து மீதியை வாங்கிக்கொள்ளப் பாருங்கள். கட்டாத கடன் 1990இல் அமைக்கப்பட்ட கடன் தகவல் பணியகத்தின் பதிவில், கிரிப் என்று நாம் சொல்வதில், பிணைகாரர் பெயரிலும் ஏறும். நாளை மகளின் படிப்புக்குக் கடன் கேட்டுப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மண்சரிவு பதுளை மாவட்டத்தை உலுக்கியது. அப்படியொரு அழிவில் வண்டி மண்ணுக்குள் போனாலும் லீசிங் ஒப்பந்தம் முடிவதில்லை. முழுக் காப்புறுதி இருந்தால் அந்தக் காசு முதலில் கம்பனிக்கே போகும், கடன் கழிந்து மீதியிருந்தால்தான் உங்களுக்கு. மூன்றாந்தரப்புக் காப்புறுதி மட்டும் இருந்தால் அதுவும் இல்லை. காப்புறுதிப் பத்திரத்தில் இயற்கை அனர்த்தம் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று மழைக்காலத்துக்கு முன்பே பாருங்கள்.

முறையிடுங்கள், ஆனால் ஒழுங்காக முறையிடுங்கள்

2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டப்படி, லீசிங் தொழில் செய்ய மத்திய வங்கியில் பதிவு வேண்டும். உங்கள் கம்பனி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் அதுவே பெரிய முறைப்பாடு. இருந்தால், முதலில் கம்பனிக்கு எழுத்தில் முறையிடுங்கள். பதில் இல்லை, அல்லது பதில் நியாயமில்லை என்றால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களம், தொலைபேசி 1935. நிதி நுகர்வோரைப் பாதுகாக்கும் ஒழுங்குவிதிகளை மத்திய வங்கி 2023இல் கொண்டுவந்தது. அவற்றைச் சுட்டிக்காட்டி எழுதலாம். நிதி ஒம்புட்ஸ்மனிடமும் போகலாம். எந்த இடத்துக்கு எழுதினாலும் ஒரே கதையை ஒரே திகதிகளோடு எழுதுங்கள். இடத்துக்கு இடம் கதை மாறினால் உங்கள் பக்கம்தான் பலவீனமாகும். ஒரு கொப்பி வாங்கி, யாரோடு எப்போது பேசினோம், என்ன சொன்னார்கள் என்று எழுதிக்கொண்டே வாருங்கள்.

தொழிற்சங்கத் தலைவர் ஒரு ஃபோன் போட்டால் வண்டி வந்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம். அவர் பேசட்டும். உங்கள் கடிதமும் போகட்டும்.

வாங்கும் முன் பார்க்காமல் வாங்காதீர்கள்

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையச் சேவையில் வாகன இலக்கத்தைக் கொடுத்தால் முழு உரிமையாளர் யார், எஞ்சின் இலக்கம் என்ன, விசேட குறிப்புகள் ஏதும் உண்டா என்று பார்க்கலாம். வீட்டில் படிக்கிற பிள்ளை செய்துவிடும். வண்டியில் பொறித்துள்ள எஞ்சின் இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் டோர்ச் அடித்துப் பார்த்து, சீ.ஆரோடு ஒப்பிடுங்கள். விற்றவரும் வாங்கியவரும் 14 நாட்களுக்குள் உரிமை மாற்றத்தைத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். விற்றவர்களே, இது உங்களுக்கும்தான். உங்கள் பெயர் புத்தகத்தில் இருக்கும்வரை, வாங்கியவன் ஆளை அடித்துப்போட்டு ஓடினாலும் பொலிஸ் வருவது உங்கள் வாசலுக்கு.

கடைசித் தவணையைக் கட்டிய மகிழ்ச்சியில் நம்மவர்கள் சாமி கும்பிட்டுவிட்டு மறந்துபோகும் வேலை ஒன்று உண்டு. தவணை முடிந்ததும் கம்பனியின் பெயர் சீ.ஆரில் இருந்து தானாக நீங்காது. விடுவிப்புப் பத்திரங்களைக் கம்பனியிடம் கேட்டு வாங்கி, திணைக்களத்தில் கொடுத்து முழு உரிமையாளர் பதிவை நீக்க வேண்டும். கம்பனி கைமாறி, இன்னொன்றோடு சேர்ந்து, பெயரே மாறிய பிறகு அந்தக் காகிதத்தைத் தேடி அலைவது பெரும்பாடு.

இதை வாசிக்கும் உங்கள் முற்றத்தில் ஆட்டோ நிற்கிறதென்றால், இன்று இரவே சீ.ஆரை எடுத்துப் பாருங்கள். பதிவு செய்த உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இல்லையென்றால், அடுத்த ஹயரை விட்டுவிட்டு அந்த வேலையை முடியுங்கள்.